குடுமிபிடிச் சண்டை

குடுமியான்மலைச் சிவனுக்குக் குடுமி உண்டு. அது முளைத்த கதை கொஞ்சம் வில்லங்கமானது.

கோயில் அர்ச்சகருக்கு ஒரு பெண்ணோடு தொடுப்பு. சாமிக்கு வந்த மாலையை ஒரு நாள் அவள் தலையில் சூட்டி அழகு பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்த நேரம் பார்த்து ராஜா கோயிலுக்கு வருகிறார் என்று தகவல். திடீர் விசிட். வேறு பூவுக்கு எங்கே போவது? அவள் தலையிலிருந்து எடுத்த மாலையையே சாமிக்குச் சாத்தி, பிரசாதமாக ராஜாவிடம் நீட்டிவிட்டார். மாலையில் நீளமாக ஒரு முடி. 'இது என்னய்யா?' என்கிறார் ராஜா. 'சாமியோட முடிதான் மகாராஜா, நம்ம சாமிக்குக் குடுமி உண்டே' என்று கூசாமல் அடித்துவிடுகிறார் அர்ச்சகர். 'அப்படியா, காட்டு.'

இப்போது சிக்கல் சாமிக்கு. உண்மையைக் காப்பாற்றுவதா, அர்ச்சகரைக் காப்பாற்றுவதா? அர்ச்சகரைக் காப்பாற்றினார். லிங்கத்தின் மேல் குடுமி முளைத்தது. சிகாநாதர் என்று பெயரும் வந்தது. புதுக்கோட்டையிலிருந்து இருபது கிலோமீட்டர்தான், அன்னவாசல் பக்கம். நேரில் போனால் குடுமியைக் காட்டுவார்கள்.

இதையே ஒருவர் சிறுகதையாக எழுதி இன்றைக்கு ஒரு பத்திரிகைக்கு அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொடுப்பு வைத்திருக்கும் அர்ச்சகர், அவருக்காகப் பொய்சாட்சி சொல்லும் கடவுள். உதவி ஆசிரியர் படித்துச் சிரிப்பார். அப்புறம் வக்கீலுக்கு போன் போடுவார். கதை வெளிவராது. ஆனால் தலபுராணமாக இருக்கும்போது இது பக்திக் கதை. பாட்டிகள் பேரன் பேத்திகளுக்குச் சொல்கிறார்கள். இதே கதை திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாளுக்கும் உண்டு. மாலை, முடி, ராஜா எல்லாம் அப்படியே. சைவமும் வைணவமும் சண்டையில்லாமல் பங்கு போட்டுக்கொண்ட சில விஷயங்களில் அர்ச்சகரின் இந்தத் தப்பும் ஒன்று!

ஒரே கேலி, சொல்கிற ஆளையும் நிற்கிற இடத்தையும் பொறுத்துப் பக்தியாகிறது, இல்லாவிட்டால் எஃப்.ஐ.ஆர் ஆகிறது. இதைப் பற்றிப் பேச குடுமியான்மலையைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது. காரணம் சாமியின் குடுமி மட்டும் இல்லை. அங்கே இருக்கிற ஒரு பாறையும்தான்.

மலையில் மேலைக்கோயில் என்று ஒரு குடைவரை இருக்கிறது. அதை ஒட்டிய பாறையில், ஏறக்குறைய பதின்மூன்று அடிக்குப் பதினான்கு அடி பரப்பில், பல்லவ கிரந்த எழுத்தில் ஏழு ராகங்களுக்கான ஸ்வர வரிசைகள் வெட்டப்பட்டிருக்கின்றன. இசைக்காரர்கள் தலையில் வைத்துக் கொண்டாடுகிற கல்வெட்டு. ருத்ராசாரியாரின் சீடனான, பரம சிவபக்தனான ஒரு ராஜா மாணவர்களின் நன்மைக்காகச் செய்தது என்று அதிலேயே இருக்கிறது. ராஜாவின் பெயர் மட்டும் இல்லை. முதலாம் மகேந்திரவர்ம பல்லவன்தான் அது என்று ரொம்ப நாளாகச் சொல்லப்பட்டு வருகிறது. 'புதுக்கோட்டை வரைக்கும் பல்லவன் கை எங்கே நீண்டது?' என்று மறுக்கிற ஆராய்ச்சியாளர்களும் உண்டு. அந்த வழக்கை அவர்களிடமே விட்டுவிடலாம். வழக்கில் சிக்காத ஒரு சொத்து மகேந்திரனுக்கு இருக்கிறது. மத்தவிலாசப் பிரகசனம்.

'சிவகாமியின் சபதம்' படித்தவர்களுக்கு மகேந்திரனை அறிமுகம் செய்யவேண்டாம். மாறுவேஷம், ஒற்றர்கள், சிற்பம், சித்திரம் என்று கல்கி அவரை ஒரு சகலகலா வல்லவராகவே ஆக்கிவைத்திருக்கிறார். பெரியபுராணத்தில் வருகிற பல்லவ ராஜாவின் முகமோ வேறு. சமணத்தை விட்டுச் சைவத்துக்குத் திரும்பிய அப்பரைச் சுண்ணாம்புக் காளவாயில் போடுகிறான், யானையை ஏவுகிறான், கல்லோடு கட்டிக் கடலில் தள்ளுகிறான். எதுவும் பலிக்காமல் கடைசியில் அவனும் சைவனாகிறான். அந்த ராஜா மகேந்திரன்தான் என்பது பரவலான கருத்து. ஆக, மதச் சண்டைக்கு என்னென்ன ஆயுதங்கள் உண்டு என்று அனுபவத்தில் தெரிந்த ஆசாமி. யானையில் ஆரம்பித்தவர் நாடகத்தில் முடித்தது நல்ல முன்னேற்றம் என்றே எனக்குப் படுகிறது.

நாடகம் சின்னது. ஒரே அங்கம். இடம் காஞ்சிபுரம். சத்யசோமன் என்றொரு காபாலிகன், கூட தேவசோமை என்ற பெண். காபாலிகர்கள் சைவத்தில் ஒரு தீவிரமான கிளை. மண்டையோடுதான் திருவோடு, கள்ளும் மாமிசமும் விரதத்தில் சேர்த்தி. ரெண்டு பேருக்கும் நல்ல போதை. ஒரு கள்ளுக்கடையைப் பார்த்ததும் சத்யசோமனுக்கு அது யாகசாலையாகவே தெரிகிறது. கள் சோமரசம், குடிகாரர்கள் புரோகிதர்கள், கிண்ணங்கள் யாகக் கரண்டிகள், உளறல் ஒரு வேதம், பாட்டு இன்னொரு வேதம் என்று வரிசையாக ஒப்பிட்டுக்கொண்டே போகிறான். அங்கே பிச்சை வாங்கப் போனால் மண்டையோட்டைக் காணோம்! அதற்குள் வறுத்த கறி வேறு இருந்தது.

கறியைத் தின்ன நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம், அல்லது புத்த பிட்சு எவனாவது எடுத்திருக்கலாம் என்று சந்தேகப்படுகிறான். இரண்டில் எது நடந்திருக்கும்? மதச் சண்டையில் யாருக்காவது நாய்மேல் சந்தேகம் நிலைத்திருக்கிறதா? அந்த நேரம் பார்த்து நாகசேனன் என்ற பிட்சு எதையோ காவித் துணிக்குள் மறைத்துக்கொண்டு வருகிறார். அது அவருடைய சொந்தப் பிச்சைப் பாத்திரம்தான். ஒரு செட்டியார் வீட்டு விருந்தில் கிடைத்த மீனும் கறியும் உள்ளே இருக்கிறது. மனசுக்குள் அவருக்கு ஒரு தனிக் குறை. இவ்வளவு வசதியும் கருணையோடு அனுமதித்த புத்தர் கள்ளையும் பெண்களையும் மட்டும் எப்படித் தடுத்திருப்பார்? கிழட்டுத் தேரர்கள் பொறாமையில் அந்தப் பக்கங்களைக் கிழித்திருக்க வேண்டும், மூலப் பிரதி எங்கேயாவது கிடைக்காமலா போகும் என்று யோசிக்கிறார்.

சண்டை ஆரம்பிக்கிறது. பாத்திரத்தைக் காட்டு என்கிறான் காபாலிகன். காட்டுகிறார். இது மண்டையோடு இல்லையே, நிறமே வேறாயிற்றே என்கிறார். நீதான் மாயாவாதியாயிற்றே, நிறத்தையும் வடிவத்தையும் மாற்றிவிட்டாய் என்கிறான் இவன். ஆதாரம் கையில் பளிச்சென்று இருக்கிறது. அதையே குற்றத்துக்குச் சாட்சியாக்குகிறார்கள். இன்றைக்கு ராத்திரி எட்டு மணிக்கு டி.வி. விவாதம் பார்த்தால் இந்த டெக்னிக் ஆயிரத்து நானூறு வருஷமாகப் பழசாகவில்லை என்பது தெரியும்.

அப்புறம்தான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். தேவசோமை கோபத்தில் பிட்சுவின் தலைமுடியைப் பிடித்து இழுக்கப் பாய்கிறாள். மொட்டைத் தலை. பிடிக்க ஒன்றுமில்லை. தொப்பென்று விழுகிறாள்! மழித்துக்கொள்ளச் சொன்ன புத்தர் எவ்வளவு முன்யோசனைக்காரர் என்று பிட்சு தனக்குள் மெச்சிக்கொள்கிறார். விழுந்தவளை எழுப்ப அவர் கை நீட்டியதும், 'பார், என் பெண்டாட்டியைப் பாணிக்கிரகணம் பண்ணுகிறான்' என்று காபாலிகன் ஊரைக் கூட்டுகிறான். குடுமிபிடிச் சண்டை என்கிறோமே, குடுமி இல்லாதபோதும் அது எப்படி நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல காட்சி நான் படித்ததில்லை.

மத்தியஸ்தத்துக்கு வருகிற பாசுபதனும் சைவன்தான்.  இவனால் தீர்க்க முடியவில்லை, நியாய சபைக்குப் போங்கள் என்கிறான். அப்போது தேவசோமை சொல்கிறாள்: அங்கே போய் என்ன பிரயோஜனம்? இந்த பிட்சுவுக்குப் பின்னால் விகாரைகளின் சொத்து இருக்கிறது. அதை வைத்து நியாய சபைக்காரர்களின் வாயை அடைத்துவிடுவான். நம்மிடம் என்ன இருக்கிறது?

இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு யோசித்துப் பாருங்கள். நாடகத்தை எழுதியவர் ராஜா. நடக்கிற ஊர் அவருடைய தலைநகர். அவள் லஞ்ச சபை என்று சொல்வது அவருடைய கோர்ட்டை. பிட்சுவைக் கேலி செய்ய ஒரு சைவ ராஜாவுக்குத் தைரியம் தேவையில்லை. தன்னுடைய நீதிமன்றம் விலைக்குப் போகும் என்று ஒரு குடிகாரப் பெண்ணை விட்டுத் தன் மேடையிலேயே சொல்லவைக்கத் தைரியம் வேண்டும். போதாததற்கு, மத்தவிலாசன் என்பது ராஜாவின் விருதுப் பெயர்களில் ஒன்று. தன் பட்டத்தையே குடிகார நாடகத்துக்குத் தலைப்பாக வைத்துவிட்டார்.

பி.காமில் எனக்கு ஒழுங்காகப் புரிந்த ஒரே பாடம் ஆடிட்டிங். பங்கு வைத்திருக்கிற கம்பெனியை ஆடிட் பண்ணக் கூடாது என்பது அதில் பால பாடம். அந்தக் கணக்கில் மகேந்திரன் தகுதியில்லாத ஆடிட்டர். சைவத்தில் அவருக்குப் பெரிய பங்கு. ஆனாலும் கணக்கைப் பாருங்கள். மேடையில் அடி வாங்குகிற சாமியார்கள் மூன்று பேர். அதில் இரண்டு பேர் சைவர்கள். மூன்றாவது ஆளான பிட்சு சபலக்காரர்தான், ஆனால் திருடர் இல்லை. திருடியது நாய்! நாயிடமிருந்து ஒரு பைத்தியக்காரன் பிடுங்கிக்கொண்டு வந்ததால்தான் மண்டையோடு திரும்பக் கிடைக்கிறது. சாஸ்திரம் படித்த மூன்று பேராலும் தீராத வழக்கு ஒரு நாயாலும் ஒரு பைத்தியத்தாலும் தீர்கிறது.

(பைத்தியக்காரன் வருகிற பகுதி படிக்கும்போது இழுவை. மேடையில் நல்ல நடிகர் கிடைத்தால் அதுதான் தூக்கி நிறுத்தும் என்று சொல்கிறார்கள்.)

இன்னொரு நாடகம் உண்டு, பகவதஜ்ஜுகம். யமதூதன் ஆள் மாற்றி ஒரு தாசியின் உயிரை எடுத்துப் போய்விடுகிறான். இன்றைய பாஷையில் கிளெரிக்கல் மிஸ்டேக். ஒரு துறவி அவள் உடம்புக்குள் புகுந்து தத்துவம் பேச, தப்பைத் திருத்த வந்த யமதூதன் அவள் உயிரைத் துறவியின் உடம்பில் போட்டுவிட, சிரிப்பு அள்ளுகிறது. மாமண்டூர்க் கல்வெட்டில் மத்தவிலாசத்தோடு சேர்ந்து இதன் பெயரும் வருவதால் இதையும் மகேந்திரன் கணக்கில் எழுதுகிறவர்கள் உண்டு. போதாயனர் எழுதியது என்பவர்களும் உண்டு.

சரி, மகேந்திரனுக்கு முழு மார்க் போட்டுவிடலாமா? எனக்கு ஒரு தயக்கம். ராஜா ஜோக் அடித்தால் சபையில் சிரிக்காமல் இருந்தவர் யார்? பிட்சுவுக்கு மனசு புண்பட்டிருந்தாலும் யாரிடம் போய் முறையிடுவார்? அதே லஞ்ச சபையிலா? ஆனால் அன்றைக்குக் காஞ்சிப் பௌத்தர்கள் ஒன்றும் நோஞ்சான்கள் இல்லை. மகேந்திரனுக்குப் பிறகு, நரசிம்மவர்மன் காலத்தில், 640-ஐ ஒட்டிக் காஞ்சிக்கு வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங் நூற்றுக்கு மேற்பட்ட விகாரைகள், பத்தாயிரம் பிட்சுகள் என்று எழுதிவைத்திருக்கிறார். நாடகம் அவர்களை ஒன்றும் பண்ணிவிடவில்லை. சொத்தும் செல்வாக்கும் இருந்த ஒரு நிறுவனத்தைத்தான் ராஜா கிண்டினார். இன்றைக்கு அதே நாடகத்தைக் காஞ்சிபுரத்தில் போட்டால்? அந்தப் பத்தாயிரம் பேரில் ஒருவருக்கும் வாரிசு இல்லை. காபாலிகர்கள் இல்லை, பாசுபதர்கள் இல்லை. மொட்டைத் தலை ஜோக்குக்கு விளக்கவுரை தேவைப்படும். கோர்ட் ஜோக்குக்குத் தேவைப்படாது.

அடி எந்தப் பக்கம் விழுகிறது என்பதைப் பார்க்க நம்மிடம் இன்னொரு நல்ல உதாரணம் இருக்கிறது. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர். பைபிள் மொழிபெயர்ப்பில் பெர்சிவல் பாதிரியாருக்கு உதவியவர், அதனால் அந்தப் புத்தகம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். சைவச் சடங்குகளை மிஷனரிகள் கேலி செய்தபோது, 1854-ல் 'சைவதூஷண பரிகாரம்' எழுதினார். நீங்கள் எங்கள் கோயிலில் எதைப் பார்த்துச் சிரிக்கிறீர்களோ அது உங்கள் வேதத்திலேயே இருக்கிறது என்று இடம் சுட்டிக் காட்டினார். எதிரே இருந்தது பள்ளிக்கூடமும் அச்சகமும் அரசாங்கச் செல்வாக்கும் உள்ள கூட்டம். நாவலரிடம் இருந்தது பேனா. படிக்கும்போதே விசில் அடிக்கத் தோன்றும்.

அதே பேனா பதினைந்து வருஷம் கழித்து வடலூர்ப் பக்கம் திரும்பியது. ராமலிங்க சுவாமிகளின் பாடல்களைத் தொழுவூர் வேலாயுத முதலியார் 1867-ல் 'திருவருட்பா' என்று பெயரிட்டு வெளியிட்டார். அருட்பா என்று சொல்லத் தேவாரத்துக்கும் திருவாசகத்துக்கும்தான் உரிமை என்று நாவலருக்குக் கொதிப்பு. 1869-ல் 'போலியருட்பா மறுப்பு' வந்தது. அது அருட்பா இல்லை, மருட்பா! முன்னால் ஒரே ஒரு மெய்யெழுத்து. அவ்வளவுதான் ஆயுதம். ஆனால் அது ஐம்பது பக்க வாதத்தைவிட ஆழமாகப் பாய்ந்தது. மஞ்சக்குப்பம் கோர்ட் வரை விவகாரம் போயிற்று. இரண்டு பெரியவர்களும் போய்ச் சேர்ந்த பிறகும், சீடர்கள் இருபதாம் நூற்றாண்டு வரைக்கும் இழுத்துக்கொண்டு போனார்கள். ஒரு பக்கம் கதிரைவேற்பிள்ளை. இன்னொரு பக்கம் மறைமலையடிகள். வள்ளலாருக்காக மேடையேறிய இன்னொருவர் சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர். ஒரு சைவத் துறவியைச் சைவர்களிடமிருந்து காப்பாற்ற ஒரு முஸ்லிம் புலவர்! மகேந்திரனுக்கே தோன்றாத பாத்திரப் படைப்பு.

அந்த ஒற்றை எழுத்து நல்ல வசைதான். சொல் விளையாட்டு என்ற அளவில் நானும் ரசிப்பேன். ஆனால் பாதிரிமாரிடம் நாவலர் கேட்டதற்கு ஒரு பதில் சொல்ல வேண்டியிருந்தது. வள்ளலாரை நோக்கி வீசியதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? பசித்தவனுக்குச் சோறு போடுகிற மனிதரை 'நீ மருள்' என்றால் அவர் என்ன ஆதாரம் காட்டுவார், அடுப்பையா? முதலாவதில் வாதம் இருந்தது, கேலி அதற்குத் துணை. இரண்டாவதைப் பொறுத்தவரை ஜனங்களின் நினைவில் தங்கியது கேலி மட்டும்தான். வடலூரில் 1867-ல் மூட்டிய அடுப்பு இன்னமும் அணையவில்லை.

சினிமா, நாடகத்துக்கு வந்தால் தமிழில் இதற்கு இரண்டு ஸ்கூல். ஒன்று கலைவாணர். நந்தனார் கதையைக் காலட்சேபமாகக் கேட்டுக் கண்ணீர் விட்ட ஜனங்களுக்கு, அதே காலட்சேப பாணியில் 'கிந்தனார்' சொன்னார். 1949-ல் 'நல்லதம்பி' படத்திலும் வந்தது. நந்தன் சிதம்பரம் போக ஏங்கினான், கிந்தன் ரயிலேறிப் பட்டணம் போய்ப் படிக்கிறான். பாகவதர் வேஷம், ஜால்ரா, பின்பாட்டு எல்லாம் அச்சு அசல். பக்தர்களே சிரித்தார்கள். சிரித்து முடித்த பிறகுதான் உறைக்கும், நந்தனுக்கு நெருப்பு, கிந்தனுக்குப் பள்ளிக்கூடம் என்று.

இன்னொன்று எம்.ஆர். ராதா. அங்கே உறைப்பது அப்புறம் இல்லை, முதல் வாயிலேயே. மனசு புண்படுகிறவர்கள் என் நாடகத்துக்கு வரவேண்டாம், அவர்கள் காசும் வேண்டாம் என்று விளம்பரமே கொடுத்தவர் என்பார்கள். அவருடைய ராமாயண நாடகத்துக்குத் தடை, கைது, வழக்கு எல்லாம் வந்தன. அந்தச் சூட்டில்தான் 1954-ல் காமராஜ் ஆட்சியில் நாடகங்களுக்கென்றே ஒரு சட்டம் வந்தது. ஸ்கிரிப்ட்டைப் போலீஸிடம் காட்டி அனுமதி வாங்கவேண்டிய நிலைமை. ராதா போனார், காமராஜ் போனார், ராதாவைக் கொண்டாடிய கட்சிகளே மாறி மாறி ஆட்சிக்கு வந்தன. சட்டம் மட்டும் பத்திரமாக இருந்தது! பத்திரிகையாளரும் நாடகக்காரருமான ஞாநி வழக்குப் போட்டு, 2013-ல்தான் சென்னை உயர் நீதிமன்றம் அதன் முக்கியமான பிரிவுகளைச் செல்லாது என்றது. ஐம்பத்தொன்பது வருஷம்.

ராதா மென்மையாகச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அவர் பேச்சில் சில இடங்கள் எனக்கும் வெறும் வசவாகத்தான் படுகின்றன. நாய்மேல் சந்தேகமே படாத பேச்சு. ஆனால் மென்மை என்பது சபைக்குள் நாற்காலி கிடைத்தவர்களுக்குச் சுலபம். கடவுளை நிந்தா ஸ்துதியில் திட்டலாம், காளமேகம் திட்டினார். தெருக்கூத்தில் கட்டியக்காரன் ராஜாவையும் தேவர்களையும் சேர்த்து வாருவான், அதுவும் கோயில் திருவிழாவிலேயே. கேரளத்தில் சாக்கியார் கூத்தாடும்போது எதிரே ராஜாவே உட்கார்ந்திருந்தாலும் கிண்டலுக்கு விதிவிலக்கு இல்லை. இவர்களெல்லாம் வீட்டு மனுஷர்கள், உரிமை இருக்கிறது என்கிறோம். வாசலைத் தாண்டி வராதே என்று நிறுத்தப்பட்டவன் வாசலில் நின்றபடி சிரித்தால், வெளியாள் நீ, எங்கள் சாமியைப் பற்றிப் பேசாதே என்கிறோம். அவனை வெளியாள் ஆக்கியது யார்?

இது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். குடுமியான்மலை இருக்கிற அதே அன்னவாசல் ஒன்றியத்தில்தான் வேங்கைவயல் இருக்கிறது. 2022 டிசம்பரில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்த ஊர். விசாரிக்கப் போன மாவட்ட கலெக்டரிடம் அந்த மக்கள், எங்களைக் கோயிலுக்குள் விடுவதில்லை என்றும் சொன்னார்கள். கலெக்டரே பக்கத்து இறையூர்க் கோயிலுக்குள் அவர்களை அழைத்துப் போனார். அங்கே அவர்களை இழிவாகப் பேசிய ஒரு பெண்ணுக்கு அப்போது சாமி வந்திருந்ததாம். சாமி வந்து சாதி பேசுவதைக் காபாலிகன் பார்த்திருந்தால் போதை இறங்கியிருக்கும்.

புண்பட்ட மனசுகளுக்கென்று நம் நாட்டில் இருக்கிற சட்டமும் ஒரு கேலியில் பிறந்ததுதான். 1920-களில் பஞ்சாபில் ஒருவர் மதத்தை ஒருவர் கேலி செய்து குட்டிப் புத்தகங்கள் போட்டுக்கொண்டார்கள். அதில் ஒன்று, 1924-ல் லாகூரில் வந்தது, நபிகளின் குடும்ப வாழ்க்கையைக் கிண்டல் செய்தது. வெளியிட்ட ராஜ்பால்மேல் வழக்கு. இருக்கிற சட்டத்தில் இதற்கு இடமில்லை என்று 1927-ல் உயர் நீதிமன்றம் விட்டுவிட்டது. அதே வருஷம் 295ஏ பிரிவு வந்தது. 1929-ல் ராஜ்பாலை ஓர் இளைஞன் குத்திக் கொன்றான். அவனைத் தூக்கில் போட்டார்கள். அந்தப் புத்தகத்தால் யாராவது திருந்தினார்களா, எந்த மௌல்வியாவது, எந்தப் பண்டிதராவது தன் கணக்கைச் சரிபார்த்தாரா என்றால், இல்லை. இரண்டு உயிரும் ஒரு சட்டப் பிரிவும்தான் வரவு. எதிராளியின் கணக்கை மட்டுமே ஆடிட் பண்ணுகிற கேலி அது. 2024 ஜூலையிலிருந்து பிரிவின் நம்பர் மாறி, பாரதிய நியாய சன்ஹிதாவில் 299 ஆகிவிட்டது. வாசகம் ஏறக்குறைய அதேதான்.

அந்தச் சட்டத்தின் கை எவ்வளவு நீளம் என்று 2021 புத்தாண்டு அன்றைக்குத் தெரிந்தது. இந்தோரில் முனவர் ஃபாரூக்கி என்ற காமெடியனை நிகழ்ச்சியின் நடுவிலேயே நிறுத்திக் கைது செய்தார்கள். அவர் சொல்லப்போவதாக நினைத்த ஜோக்குக்காக! ஒரு மாசத்துக்கு மேல் ஜெயில். பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்கால ஜாமீன் கொடுத்தது. கையில் இருந்த பாத்திரத்தைக் காட்டியும் பிட்சு திருடன் ஆன மாதிரி, சொல்லாத ஜோக் குற்றம் ஆயிற்று. அதற்கு முந்தின வருஷம் ஜூலையில் தமிழ்நாட்டில் கந்த சஷ்டி கவசத்தைப் பற்றி 'கறுப்பர் கூட்டம்' போட்ட வீடியோ பெரிய ரகளையானது. அது என் ரசனைக்கு மட்டமான வீடியோதான். மகேந்திரனின் மேஜையில் வைத்திருந்தால் அவர் திருப்பி அனுப்பியிருப்பார். மட்டமான ஜோக்குக்கு ஏற்ற தண்டனை யாரும் சிரிக்காமல் இருப்பது. அந்த வீடியோவுக்கோ ஜெயில் கொடுத்தார்கள். பாதி தமிழ்நாடு அதைத் தேடிப் போய்ப் பார்த்தது.

நல்ல கேலிக்கும் மட்டமான கேலிக்கும் வித்தியாசம் சொல்லச் சட்டத்தால் முடியாது. அது விமர்சகன் வேலை. அதைச் செய்ய வேண்டிய நாம், ஒன்று 'கருத்துச் சுதந்திரம்' என்று கோஷம் போட்டுவிட்டு ஜோக் நன்றாக இருந்ததா என்று பார்க்காமல் போய்விடுகிறோம், அல்லது 'புண்பட்டுவிட்டது' என்று ஸ்டேஷனுக்குப் போய்விடுகிறோம். புதுமைப்பித்தன் பிராட்வே பக்கம் கடவுளை இறக்கி, கந்தசாமிப் பிள்ளையிடம் மாட்டிவிட்டாரே, அந்தக் கதைக்கு யாரும் கேஸ் போடவில்லை. கடவுளைவிட அதிகமாகக் கந்தசாமிப் பிள்ளைதான் அதில் அம்பலப்படுகிறார் என்பதும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். கந்தசாமிப் பிள்ளையின் ஜாடை புதுமைப்பித்தனுக்கும் உண்டு, நமக்கும் உண்டு.

மத்தவிலாசத்தின் முடிவைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். மண்டையோடு கிடைத்ததும் காபாலிகன் பிட்சுவிடம் மன்னிப்புக் கேட்கிறான். பிட்சுவும் மனசில் வைத்துக்கொள்ளவில்லை. கைகலப்பு வரைக்கும் போனவர்கள் சிநேகிதமாகப் பிரிந்து போகிறார்கள். 1917-ல் கணபதி சாஸ்திரி திருவனந்தபுரத்தில் பதிப்பித்ததால் இந்த நாடகம் நமக்கெல்லாம் படிக்கக் கிடைத்தது. மேடையில் மட்டும் அது விட்டுப்போகவே இல்லை. வடகேரளத்தில் சில சிவன் கோயில்களில் மத்தவிலாசத்தைச் சாக்கியார்கள் கூத்தாக ஆடுகிறார்கள். அதுவும் எதற்கு? குழந்தை வரம் வேண்டி நேர்ந்துகொள்கிறவர்களுக்காக. சாமியார்களைக் கேலி செய்ய ராஜா எழுதிய குடிகார நாடகம், சாமி சந்நிதியில் நேர்த்திக்கடன் ஆகிவிட்டது! பிறக்கிற குழந்தைக்குச் சத்யசோமன் என்று யாரும் பெயர் வைக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.